பழுதான மியூசிக் பிளேயர்: என்ன போயிருக்கிறது, யார் சரிசெய்வது என்று முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கையடக்க மியூசிக் பிளேயர் நின்றுபோனதும் பலர் செய்யும் முதல் வேலை, இணையத்தில் பேட்டரி தேடுவது. பேட்டரிதான் போயிருக்கிறது என்று இன்னும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். புதுசு வந்து மாட்டிப் பார்த்தால் பழைய கதையேதான். அப்புறம் சார்ஜிங் போர்ட், அதற்கப்புறம் டிஸ்ப்ளே என்று ஒவ்வொன்றாக வாங்கி, கடைசியில் பிரித்துப்போட்ட பிளேயர் ஒரு டப்பாவுக்குள் போய்விடும். நல்ல பிளேயர்கள் பல இப்படித்தான் வீணாகின்றன.

பிளேயர் எவ்வளவு பழசு, என்ன விலை என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்: பழுது எந்தப் பாகத்தில், அந்தப் பாகம் உள்ளே எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது. கனெக்டரில் செருகிய பாகத்தைப் பொறுமையுள்ள யாரும் மாற்றலாம். பசை போட்டு ஒட்டியது என்றால் மிதமான சூடும் நிதானமும் வேண்டும். சால்டரிங் செய்தது என்றால் பழகிய கை வேண்டும். போர்டிலுள்ள சிப் போயிருந்தால் அதே மாடலில் இன்னொரு பிளேயரைத் தேடுவதுதான் பெரும்பாலும் நடக்கிற காரியம். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விக்கும் விடை தேடுவதற்குத்தான்.

படி 1: முதலில் ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள்

பிளேயரைச் சமதளமான மேசையில் மல்லாக்க வையுங்கள். ஆடுகிறதா? திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? பின்மூடி உப்பியிருக்கிறதா? அப்படியென்றால் லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேர்ந்திருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், மூடியை அமுக்கி மூடவும் பார்க்காதீர்கள். தீப்பிடிக்கும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, அதைக் கழற்றுவதை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். கழற்றிய பேட்டரி மின்னணுக் கழிவு வாங்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும், குப்பைத்தொட்டிக்கு அல்ல.

முதல் தலைமுறை ஐபாட் நானோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 2005 செப்டம்பர் முதல் 2006 டிசம்பர் வரை விற்றவற்றில் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று சொல்லி, 2011 நவம்பரில் ஆப்பிள் நிறுவனமே அவற்றை மாற்றித்தர முன்வந்தது. அந்த மாடல் டிராயரில் கிடைத்தால், வேலை செய்கிறதா பார்ப்போம் என்று சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

தண்ணீரில் விழுந்த பிளேயரை ஆன் செய்து பார்க்கத்தான் கை போகும். அதைச் செய்யவே கூடாது. ஈரத்தோடு மின்சாரம் சேரும்போதுதான் போர்டில் அரிப்பு வேகமாகப் பிடிக்கிறது. அரிசி டப்பாவுக்குள் புதைப்பதாலும் பயனில்லை. சிப்களுக்கு அடியில் நிற்கும் நீரையும் அதிலுள்ள உப்பையும் அரிசி எடுக்காது. பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டு, போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷ்ஷால் கழுவி, முழுக்கக் காயவைப்பதுதான் வழி. உங்களால் அன்றைக்கே திறக்க முடியாது என்றால், அன்றைக்கே திறக்கக்கூடியவரிடம் கொடுங்கள்.

பென்சில் பேட்டரி போடும் பழைய பிளேயரில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால் அது அல்கலைன் செல் கசிந்தது. அது காரம். பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள்.

படி 2: என்ன நடக்கிறது என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"ஆன் ஆகவில்லை" என்பது போதாது. அதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு பழுதுகள் இருக்கின்றன. எதை அமுக்கினாலும் அசைவே இல்லை என்றால் பேட்டரி, சார்ஜிங் பகுதி, பவர் பட்டன் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். லோகோ வந்து அணைந்து, திரும்பத் திரும்ப அதுவே நடந்தால் பலவீனமான பேட்டரியோ, மென்பொருளோ, சேமிப்பகமோ காரணமாக இருக்கும். திரை கறுப்பாக இருக்கிறது ஆனால் இயர்போனில் கிளிக் சத்தம் கேட்கிறது என்றால் பிளேயர் உயிரோடுதான் இருக்கிறது, போனது டிஸ்ப்ளே மட்டும்.

கூடவே எப்போது தொடங்கியது என்பதையும் எழுதுங்கள். கீழே விழுந்த பிறகா, புதுப் பாடல்கள் ஏற்றிய பிறகா, மாதக்கணக்கில் சும்மா கிடந்த பிறகா? விழுந்த பிறகு என்றால் உள்ளே பாகங்களை இணைக்கும் பட்டையான ரிப்பன் கேபிள் நழுவியிருக்கலாம், சால்டர் விட்டிருக்கலாம். பாடல் ஏற்றிய பிறகு என்றால் திறக்கவே வேண்டியதில்லாமல் போகலாம். சும்மா கிடந்தது என்றால் முதல் சந்தேகம் பேட்டரி மீது. சர்வீஸ்காரரிடம் போகும்போதும் இந்த ஒரு வரிதான் அவருடைய நேரத்தையும் உங்கள் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

படி 3: திறக்காமலே செய்ய வேண்டிய சோதனைகள்

இந்தப் படியிலேயே குணமாகிவிடும் பிளேயர்கள் நிறைய. அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

பட்டன்களைப் பூட்டும் ஹோல்டு சுவிட்ச் ஒரு பக்கம் தள்ளியிருக்கிறதா பாருங்கள். வேறு கேபிளும் வேறு சார்ஜரும் போட்டுப் பாருங்கள். சில யூஎஸ்பி கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், டேட்டா போகாது. கம்ப்யூட்டர் பிளேயரைக் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். ரொம்ப நாள் கிடந்த பிளேயரைக் குறைந்தது சில மணி நேரம் சார்ஜில் விட வேண்டும். லித்தியம் பேட்டரி மிகவும் இறங்கிப்போனால் சார்ஜிங் சர்க்யூட் முதலில் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே விடும், அதுவரை திரையில் எதுவும் தெரியாது. அரை மணி நேரத்தில் கழற்றிவிட்டு "செத்துவிட்டது" என்று சொல்வது நியாயமில்லை. அந்த நேரம் முழுக்க நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

அடுத்து ரீசெட். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பட்டன் சேர்க்கை உண்டு. க்ளிக் வீல் வைத்த ஐபாடுகளில் ஹோல்டை ஒருமுறை போட்டு எடுத்துவிட்டு, மெனுவையும் நடுப் பட்டனையும் சேர்த்து 8 விநாடி வரை பிடித்தால் லோகோ வரும். பல எம்பி3 பிளேயர்களில் பவர் பட்டனை மட்டும் 20 விநாடி அளவுக்கு அமுக்கிப் பிடித்தால் போதும்.

பாடல் பட்டியலைப் புதுப்பிக்கும்போதே ஹேங் ஆகிறது என்றால் பெரும்பாலும் ஒரு கெட்டுப்போன பாடல் கோப்போ, அதற்குள் இருக்கும் கோளாறான டேக்கோதான் (பாடல் பெயர், பாடியவர் பெயர் போன்ற குறிப்பு) காரணம். மெமரி கார்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். சரியாக வந்தால் கோளாறு கார்டில் இருக்கிறது. பாடல்களை வேறிடத்தில் எடுத்துவைத்து, பிளேயருக்குள்ளேயே கார்டை ஃபார்மட் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏற்றினால் எந்தப் பாடல் வம்பு செய்கிறது என்று பிடித்துவிடலாம்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது என்ற புகாருக்கு, முதலில் வேறு இயர்போன். அப்புறம் டார்ச் அடித்து ஜாக் துளைக்குள் பாருங்கள். சட்டைப்பையிலிருந்து சேரும் பஞ்சு, ஒவ்வொரு முறை பிளக்கைச் செருகும்போதும் உள்ளே தள்ளப்பட்டு அடியில் சாம்பல் நிறச் சக்கைபோல் இறுகிவிடும். பிளக் முழுதாக உள்ளே போவது போலத்தான் தெரியும், ஆனால் கடைசி ஒரு மி.மீ. போகாது, அந்த ஒரு மி.மீ. ஒரு பக்க ஒலியைத் தின்றுவிடும். பிளேயரை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குத்தும் குச்சியால் மெதுவாகக் கிளறி வெளியே எடுங்கள். ஊசி வேண்டாம், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகடுகள் வளைந்துவிடும்.

சுத்தம் செய்த பிறகும் பிளக்கைத் திருகும்போது ஒலி வந்து வந்து போனால் ஜாக் தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் சால்டர் விட்டிருக்கிறது. ப்ளூடூத் உள்ள பிளேயர் என்றால் அதில் கேட்டுப் பாருங்கள். அகலமான 30 பின் கனெக்டர் உள்ள ஐபாட் என்றால் அதைச் செருகி வைக்கும் டாக்கிலுள்ள லைன் அவுட் என்ற ஒலித் துளை வழியாகக் கேட்டுப் பாருங்கள். அங்கே இரண்டு பக்கமும் வந்தால் பாடலும் டிகோடரும் நன்றாக இருக்கின்றன, ஜாக் பகுதி மட்டுமே பாக்கி.

படி 4: உள்ளே இருக்கும் பாடல்களை வெளியே எடுங்கள்

பிளேயர் இப்போதைக்கு ஆன் ஆகிறது என்றால் இதுதான் முதல் கடமை. பிளேயர் இன்னொன்று கிடைக்கும். யாரோ பாடிப் பதிவு செய்த குரல் திரும்பக் கிடைக்காது. பெரும்பாலானவை யூஎஸ்பி டிரைவ் போலவே கம்ப்யூட்டரில் தெரியும். பழைய ஐபாடுகளில் பாடல்கள் ஐபாட்_கன்ட்ரோல் என்ற மறைந்த ஃபோல்டருக்குள் எஃப்00, எஃப்01 என்ற பெயர்களில் பிரிந்து கிடக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் அர்த்தமில்லாத நான்கெழுத்துப் பெயர் இருப்பதைப் பார்த்து பயப்பட வேண்டாம். பாடலின் பெயரும் பாடியவர் பெயரும் கோப்புக்குள்ளேயே டேக்காக இருக்கின்றன. மொத்தத்தையும் காப்பி செய்து எந்த மியூசிக் மென்பொருளில் போட்டாலும் பெயர்கள் தெரிந்துவிடும். க்ளிக் வீல் ஐபாட் சாதாரணமாக ஆன் ஆகவில்லை என்றால், ரீசெட் செய்து லோகோ வந்தவுடன் நடுப் பட்டனையும் பிளே பட்டனையும் பிடித்தால் டிஸ்க் மோடு வரும். அதிலிருந்தும் எடுக்கலாம்.

படி 5: பழுது எங்கே என்று உறுதி செய்யுங்கள்

பேட்டரியைப் பொறுத்தவரை மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர்தான் சாட்சி. பிளேயரைத் திறந்துதான் அளக்க முடியும், அதனால் முதலில் படி 6, 9 இரண்டையும் படித்துவிடுங்கள். லித்தியம் அயான் செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். சில மணி நேரம் சார்ஜில் இருந்தும் 3 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் செல் போயிருக்கலாம், அல்லது செல்லுக்கு மின்சாரமே போகாமல் இருக்கலாம். சார்ஜரைச் செருகியதும் அளவு கொஞ்சமாவது அசைகிறதா என்று பார்த்தால் இந்த இரண்டில் எது என்று தெரியும். அசையவே இல்லை என்றால் போர்ட்டையும் சார்ஜிங் சர்க்யூட்டையும் பாருங்கள். பேட்டரியில் 3.8 வோல்ட் நிற்கிறது, ஆனாலும் பிளேயர் எழவில்லை என்றால் புதுப் பேட்டரி வாங்குவது வீண் செலவு.

ஹார்டு டிஸ்க் உள்ள பிளேயர்களில் காதே நல்ல கருவி. பிளேயரைக் காதோடு வைத்துப் பாருங்கள். மெல்லிய சுழலும் ஒலிக்குப் பதிலாக டிக், டிக் என்று ஒரே இடைவெளியில் கேட்டால் டிஸ்க் முடிந்துகொண்டிருக்கிறது. ஐந்தாம் தலைமுறை ஐபாடிலும் ஐபாட் கிளாசிக்கிலும் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம்: ரீசெட் செய்து, லோகோ வரும்போது நடுப் பட்டனையும் முந்தைய பாடல் பட்டனையும் பிடித்தால் டயக்னாஸ்டிக் மோடு திறக்கும். அதில் ஹார்டு டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களுக்குள் ரீஅலாக், பெண்டிங் செக்டர் என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். டிஸ்க்கில் கெட்டுப்போன, கெட்டிருக்கலாம் என்று சந்தேகப்படும் இடங்களின் எண்ணிக்கை அவை. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. நூற்றுக்கணக்கில் இருந்தால் டிஸ்க்கை மாற்றியாக வேண்டும். டிஸ்க் சுத்தமாக இருந்தும் திரையில் சிவப்புப் பெருக்கல் குறி வந்தால், ரிப்பன் கேபிளைக் கழற்றித் திரும்பச் செருகிப் பார்க்காமல் எதுவும் வாங்காதீர்கள்.

கேசட் பிளேயர் வேறு உலகம். 1979இல் வந்த முதல் வாக்மேனிலிருந்து பெரும்பாலான கேசட் பிளேயர்களில் மோட்டாரின் சுழற்சியை ரப்பர் பெல்ட்தான் கொண்டுபோகிறது. மோட்டார் ஓடும் சத்தம் வருகிறது, டேப் நகரவில்லை என்றால் பெல்ட் நீண்டிருக்கும், அல்லது உருகிக் கறுப்புப் பிசினாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிசினைக் கப்பிகளிலிருந்து ஆல்கஹாலால் கொஞ்சமும் மிச்சமில்லாமல் துடைத்த பிறகுதான் புதுப் பெல்ட். பழைய பெல்ட்டை வைத்து அளவெடுக்காதீர்கள், அது நீண்டுபோனது. கப்பிகளைச் சுற்றி ஒரு நூலை ஓட்டி அளந்து, அதைவிட 5 முதல் 10 சதவீதம் குறைவான சுற்றளவில் வாங்குங்கள். பாட்டு மந்தமாக, மூடியது போலக் கேட்டால் பெரும்பாலும் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் படிந்த பழுப்பு நிறத் தூள்தான். பஞ்சும் ஆல்கஹாலும் போதும். வேகம் தப்பாக இருக்கிறது என்று உடனே வேகத் திருகைத் தொட வேண்டாம். பெல்ட்டும், டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளையான பின்ச் ரோலரும் சரியான பிறகு, 3000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த டெஸ்ட் டேப்பை ஓட்டி, போனிலுள்ள அதிர்வெண் ஆப்பால் பார்த்துத் திருகினால்தான் அர்த்தமுண்டு.

சிடி பிளேயரில் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள். அதன் பிறகும் டிஸ்க்கைப் படிக்கவில்லை என்றால் லேசர் தேய்ந்திருக்கலாம். அந்த மாடலுக்கு லேசர் யூனிட் தனியாகக் கிடைக்கிறதா என்பதைப் பொறுத்துதான் மேற்கொண்டு எதுவும்.

படி 6: அந்தப் பாகம் எப்படி உட்கார்ந்திருக்கிறது?

உங்கள் மாடலின் துல்லியமான பெயரைப் போட்டு, பிரிக்கும் முறையைக் காட்டும் வீடியோவையோ ஐஃபிக்ஸிட் தளத்தின் பட வழிகாட்டியையோ முழுக்கப் பாருங்கள். பாகம் வாங்குவதற்கு முன் பாருங்கள், பிறகு அல்ல. எத்தனை இடத்தில் பசை, எத்தனை ரிப்பன், பேட்டரி செருகியதா சால்டர் செய்ததா என்பது அதில் தெரிந்துவிடும்.

ஒரே குடும்பத்துப் பிளேயர்களிலேயே இது எவ்வளவு மாறும் என்பதற்கு ஐபாடே உதாரணம். ஐந்தாம் தலைமுறையின் முன்பக்கம் பிளாஸ்டிக். திறப்பது அவ்வளவு கஷ்டமில்லை, பேட்டரி கனெக்டரில் இருக்கிறது, ஜாக்கும் ஹோல்டு சுவிட்ச்சும் ஒரே ரிப்பனில் தனியாகக் கழன்று வரும். அதற்கு அடுத்து வந்த கிளாசிக்கில் முன்பக்கமும் உலோகம்; உள்ளே கிட்டத்தட்ட அதே அமைப்புதான், ஆனால் ஓரம் வளையாமல் திறப்பதே ஒரு வேலை. நானோ, ஷஃபிள் இரண்டிலும் பேட்டரி போர்டில் சால்டர் செய்தது. சால்டரிங் தெரியாதவருக்கு ஐந்தாம் தலைமுறை நல்ல முதல் முயற்சி. கிளாசிக்கை இரண்டாவதாகத் தொடுங்கள். நானோவை சர்வீஸ்காரரிடம் கொடுப்பதே சரி.

படி 7: நானேவா, சர்வீஸா, இன்னொரு பிளேயரா?

செருகும் பாகம், அதே மாடலுக்கான வழிகாட்டி கையில் இருக்கிறது, பாடல்களை எடுத்தாகிவிட்டது. இந்த மூன்றும் சரியென்றால் நீங்களே செய்யுங்கள். உப்பிய பேட்டரி, சிறிய சால்டரிங், தண்ணீர் புகுந்த போர்டு இவையெல்லாம் பழகியவருக்கு. போர்டே போயிருந்தால் திரை உடைந்தோ பட்டன் போயோ மலிவாகக் கிடைக்கும் அதே மாடலை வாங்கி, நல்ல பாகங்களை இணைப்பது நல்ல வழி. பேட்டரிக்கு மட்டும் இந்த வழி வேண்டாம். அந்தப் பிளேயரின் பேட்டரிக்கும் அதே வயதுதான்.

சர்வீஸ்காரரிடம் கொடுப்பதற்கு முன் வாய்விட்டுக் கேட்க வேண்டியவை சில உண்டு. அளந்து பார்த்துச் சொல்கிறாரா, அனுமானமா? சரியாகவில்லை என்றால் பார்த்ததற்கு மட்டும் எவ்வளவு? உள்ளே இருப்பது அழியுமா? கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவாரா? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் நம்பிக் கொடுக்கலாம்.

செலவைப் புதுப் பிளேயரின் விலையோடு ஒப்பிடாதீர்கள். அதே மாடல், நன்றாக வேலை செய்யும் நிலையில், பழையதாக என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். ரிப்பேர் செலவு அதைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். ஆனால் அந்தப் பிளேயர் அப்பா வைத்திருந்தது என்றால் இந்தக் கணக்கே பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம்.

படி 8: சரியான பாகத்தை வாங்குங்கள்

மாடல் பெயர் மட்டும் போதாது, கொள்ளளவும் தலைமுறையும் வேண்டும். ஐந்தாம் தலைமுறை ஐபாடில் 30 ஜிபி மெலிந்தது, 60, 80 ஜிபி தடித்தவை. இரண்டுக்கும் பேட்டரியும் ஜாக் ரிப்பனும் வேறு வேறு. லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வயதாகும். அதனால் பத்து வருடம் கிடங்கில் இருந்த ஒரிஜினலைவிட, சமீபத்தில் செய்த நல்ல மாற்றுப் பேட்டரி மேல்.

ஹார்டு டிஸ்க் போயிருந்தால் இன்னொரு பழைய டிஸ்க் வாங்காதீர்கள், மெமரி கார்டுக்கு மாறுங்கள். ஐபாட் மினியின் குட்டி டிஸ்க் இருந்த இடத்தில் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு அப்படியே பொருந்தும். ஐந்தாம் தலைமுறைக்கும் கிளாசிக்குக்கும் எஸ்டி கார்டு மாட்டும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. விழுந்தாலும் பயமில்லை, எடை குறையும், சார்ஜ் கூடுதல் நேரம் நிற்கும். 2007, 2008 கிளாசிக் மாடல்கள் சுமார் 128 ஜிபிக்கு மேல் பார்க்காது என்பதை மட்டும் மனதில் வைத்துக் கார்டு வாங்குங்கள். கம்பெனி மென்பொருள்தான் தொந்தரவு என்றால், 2001இல் தொடங்கிய இலவச மென்பொருளான ராக்பாக்ஸ் உங்கள் மாடலில் ஓடுமா என்றும் பாருங்கள்.

படி 9: திறக்கும் நாள்

வெள்ளைத் தாளில் பிளேயரின் படத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதன் இடத்திலேயே டேப்பால் ஒட்டுங்கள். நீளம் மாறிய ஒரு ஸ்க்ரூ போர்டைத் துளைத்துவிடும். நெம்புவதற்கு பிளாஸ்டிக் கருவிதான். லித்தியம் பேட்டரிக்குப் பக்கத்தில் இரும்பு ஸ்க்ரூடிரைவர் போகவே கூடாது. மூடி கழன்றதும் இழுத்துவிடாதீர்கள். முன்பாதியையும் பின்பாதியையும் குட்டையான ரிப்பன்கள் இணைத்துக்கொண்டிருக்கும். ஐபாடுகளில் பேட்டரி ரிப்பனைப் பிடித்திருக்கும் சிறிய தாழ்ப்பாள் 2 மி.மீ. அளவுக்குத்தான் மேலே எழும். அதற்கு மேல் தூக்கினால் கனெக்டரே போர்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், எளிய வேலை அந்த நொடியில் போர்டு வேலையாகிவிடும். எதுவானாலும் பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

வழிகாட்டியில் இல்லாத ஒன்று உள்ளே தெரிந்தால், பலம் கொடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால், அங்கேயே நிறுத்தி போட்டோ எடுத்துவைத்து மறுநாள் பாருங்கள். பாதியில் நிறுத்திய பிளேயரை சர்வீஸ்காரர் சரிசெய்துவிடுவார். கிழிந்த ரிப்பனோடு வந்தால் அவருக்கும் கஷ்டம்.

படி 10: மூடுவதற்கு முன்னும் பின்னும்

எல்லாவற்றையும் இணைத்ததும் மூடியை அழுத்தாமலே ஆன் செய்யுங்கள். இரண்டு காதிலும் ஒலி, ஒவ்வொரு பட்டன், ஹோல்டு சுவிட்ச், சார்ஜ் ஏறுவது, கம்ப்யூட்டரில் தெரிவது என வரிசையாகப் பாருங்கள். டிஸ்க்கை மாற்றியிருந்தால் கம்ப்யூட்டரிலிருந்து ரீஸ்டோர் செய்து (பிளேயரின் மென்பொருளைப் புதிதாக ஏற்றி), பத்துப் பாடல்களை மட்டும் ஏற்றி ஓடவிட்டுப் பாருங்கள். மூடும்போது எங்காவது மேடாக நின்றால் அடியில் ரிப்பன் மடங்கியிருக்கிறது. அமுக்காமல் திரும்பத் திறந்து சரிசெய்யுங்கள்.

புதுப் பேட்டரியின் முதல் சில சார்ஜ்களை நீங்கள் விழித்திருக்கும்போதே போடுங்கள். வெதுவெதுப்பு சகஜம். கையில் பிடிக்க முடியாத சூடு வந்தால் உடனே கேபிளைக் கழற்றிவிட்டு, ஆறியதும் திறந்து, பேட்டரியைப் பிரித்து வைத்து விற்றவரிடம் பேசுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் முழு சார்ஜில் எத்தனை மணி நேரம் பாடுகிறது என்று ஒருமுறை ஓடவிட்டு, அந்த எண்ணைத் தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த முறை "சார்ஜ் நிற்கவில்லை" என்று தோன்றும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது கையில் இருக்கும்.